வாலெண் விளக்கம்

பாயிரம்

பட்சிக்குச் சாத்திரம் உண்டு. பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்பதற்கும் உண்டு. விமான சாகச நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் உச்சி வெயிலில் நின்று, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கருவிக்குள் புதைத்து, வானத்தைத் துழாவிக்கொண்டிருக்கும் மனிதர்களை வகுத்துச் சொன்ன நூல் மட்டும் எம் கண்ணில் படவில்லை. அக்குறை நீக்க எழுந்தது இந்நூல்.

நுதலிய பொருள்: போர் விமானங்களையும் பழைய விமானங்களையும் படம் பிடிப்போர், அவர் பிடிக்கும் பொருள், நிற்கும் இடம், ஷட்டரின் காலம், பிடித்தபின் செய்யத் தக்கது என்பன. வழி: முன்னோர் நூல் இன்மையின் இது முதல்நூல், குற்றம் காண்போர் வழிநூல் செய்துகொள்க. கேட்கத் தக்கார்: கழுத்துவலி உடையார். தகாதார்: "கேமரா என்ன விலை?" என்று முதலில் கேட்போர். அவர்க்கு எந்த விடை சொன்னாலும் வீட்டில் சிக்கல்.

ஆளியல்

படம் பிடிப்போர் இரு திணையர்: எண்ணர், ஒளியர். 'இது எந்த விமானம்?' என்று கேட்பவர் எண்ணர். 'இது எப்படித் தெரிகிறது?' என்று கேட்பவர் ஒளியர். மொபைலில் எடுக்கும் பெருங்கூட்டம் எத்திணை எனின், அது விரவுத்திணை, புறனடையில் கூறுதும்.

எண்ணர் பல்கிப் பெருகிய நாடு பிரிட்டன். ரயில் எஞ்சின்களின் எண்ணை நடைமேடையில் நின்று நோட்டில் எழுதிக்கொண்ட கூட்டத்துக்கு இவர்கள் உடன்பிறப்பு. 1948 முதல் இயங்கும் ஏர்-பிரிட்டன் என்ற சங்கம், எந்த விமானம் எந்த நாளில் எந்தப் படைப்பிரிவுக்குப் போனது, எங்கே விழுந்தது, யார் பிரித்து விற்றார்கள் என்பதை எண் வாரியாக நூல் நூலாக அச்சிட்டிருக்கிறது. வெளியாள் கையில் எடுத்தால் டெலிபோன் டைரக்டரி என்று நினைத்துக் கீழே வைத்துவிடுவார். உள்ளாள் அதைக் கதைப் புத்தகம்போல் படிப்பார்.

விமானத்தின்மேல் எழுதிய எண் வெறும் எண் அன்று. பிரிட்டிஷ் போர் விமானத்துக்கு இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும். அமெரிக்க விமானப்படையின் எண்ணில் முதல் இரண்டு இலக்கம், அது எந்த நிதியாண்டுக் கணக்கில் வாங்கப்பட்டது என்று காட்டிக்கொடுக்கும். நம்முடைய ரஃபேலில் ஒற்றை இருக்கை விமானங்களின் எண் 'பி.எஸ்.' என்றும், இரட்டை இருக்கை விமானங்களின் எண் 'ஆர்.பி.' என்றும் தொடங்கும். முன்னது விமானப்படைத் தளபதியாக இருந்த பி.எஸ். தனோவாவையும், பின்னது அவருக்கு அடுத்து வந்த ஆர்.கே.எஸ். பதௌரியாவையும் குறிக்கும். கோயில் மணியில் உபயதாரர் பெயர் வெட்டும் நாட்டில் இதில் வியப்பில்லை.

பெங்களூரு எலகங்கா விமானப்படைத் தளத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஏரோ இந்தியாவில் எண்ணரைக் கண்டுகொள்வது எளிது. பெரிய லென்ஸ் இராது. முழுக்கைச் சட்டை, தொப்பி, பைனாகுலர், ரப்பர் பேண்டு போட்ட நீள நோட்டு. எழுதுவது பென்சிலில், பேனா வெயிலில் கசியும். நம் விமானப்படையின் சூர்ய கிரண் சாகசக் குழுவின் ஒன்பது ஹாக் விமானங்கள் சிவப்பும் வெள்ளையுமாகக் குவிந்து திரும்பும்போது கூட்டம் கூச்சல் போடும். இவருக்கு உதடு மட்டும் அசையும். அப்படி ஒருவரிடம் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் கேட்டான்:

"அங்கிள், நீங்க போட்டோ எடுக்கலையா?"

"எட்டு நம்பர் வந்துடுச்சு தம்பி. ஒண்ணு மட்டும் சூரியனுக்கு நேரா போயிட்டுது. தரையிறங்கி வரும்போது பிடிச்சுக்கலாம்."

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"ஒரே மாதிரி இருக்கறதாலதாம்பா நம்பர் போட்டிருக்கான்."

இத்திணைக்கு இதைவிடச் சுருங்கிய சூத்திரம் யாமும் செய்ய இயலாது.

எண்ணர் படும் பாட்டுக்குச் சான்று கிரேக்க நாட்டில் உண்டு. 2001 நவம்பரில் காலமாத்தா விமானப்படைத் தளத்துக்கு விமானம் பார்க்கப் போன 12 பிரிட்டிஷாரும் 2 டச்சுக்காரர்களும் உளவாளிகள் என்று கைதானார்கள். நோட்டில் எண் எழுதியதே குற்றச்சாட்டின் சாரம். 2002 ஏப்ரலில் எட்டுப் பேருக்கு மூன்றாண்டு, ஆறு பேருக்கு ஓராண்டு என்று தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அதே ஆண்டு நவம்பரில் எல்லாரும் விடுதலை ஆனார்கள். நீதிமன்றத்தையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. வளர்ந்த மனிதர்கள் கைக்காசு செலவழித்துக் கடல் கடந்து வந்து, வேலி ஓரம் நின்று, எண் எழுதிக்கொண்டு திரும்புவது பொழுதுபோக்கு என்றால் முதல் தடவையிலேயே யார் நம்புவார்?

ஒளியர் பலவகையர், முக்கியமானோரை மட்டும் சொல்லி அமைவாம்.

ஆவியர்: வேகமாகத் திரும்பும் விமானத்தின் இறக்கைமேல் காற்றழுத்தம் குறைந்து, குளிர்ந்து, ஈரம் வெண்புகையாகத் திரளும். ஒரு நொடிகூட நிற்காத அந்த வெண்மைக்காகவே இவர் வருவார். ஊரே புழுக்கம் என்று வைதுகொண்டிருக்கும் நாள் இவர்க்கு நன்னாள். தழலர்: எஞ்சினின் பின்வாயில் ஆஃப்டர்பர்னர் எரிவதை வேண்டுவோர். விமானம் விலகிப் போகும்போதுதான் இவர் படம் பிடிப்பார். ஆகவே இவர் தொகுப்பில் விமானங்களுக்கு முகமே இராது.

குறுக்கர்: எதிரெதிரே வரும் இரு விமானங்கள் ஒன்றையொன்று கடக்கும் அந்தப் புள்ளியை வேண்டுவோர். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் இவர் கணக்கால் தோற்பவர். ஒவ்வொரு விமானமும் மணிக்கு 600 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நெருங்கும் வேகம் 1,200. அதாவது நொடிக்கு 333 மீட்டர். நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவை இடைவிடாமல் அமுக்கிப் பிடித்தாலும், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அவை பதினாறு மீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். ஹாக் விமானத்தின் நீளமோ ஏறக்குறைய 12 மீட்டர். ஆக, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் கணம் இரண்டு படங்களுக்கும் நடுவில் விழுந்து மறைய நிறைய வாய்ப்பு. முதல் படத்தில் இன்னும் கடக்கவில்லை. இரண்டாம் படத்தில் கடந்தாயிற்று. குறுக்கர் வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறந்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை நொடிக்கு 30 எடுக்கும் கேமரா வேண்டும் என்று முடிவு செய்வார். கேமரா வணிகம் இவர் தயவால் நடப்பது.

மேல்முகர்: விமானத்தின் வயிற்றைப் பார்த்துச் சலித்தவர். அதன் முதுகு வேண்டும், விமானியின் தலைக்கவசம் தெரிய வேண்டும் என்பார். அதற்கு இரண்டு வழி. ஒன்று, விமானி நம் பக்கம் சாய்ந்து திரும்பும்வரை காத்திருத்தல். மற்றொன்று, விமானத்துக்கு மேலே ஏறி நிற்றல். நகைக்க வேண்டா, வேல்ஸ் நாட்டில் டோல்கெத்லாவுக்கும் மகன்லெத்துக்கும் இடைப்பட்ட மலைப்பள்ளத்தாக்கில் இது நடக்கிறது. மாக் லூப் என்று இவர்கள் அழைக்கும் அவ்விடத்தில் போர் விமானங்கள் 250 அடி உயரம்வரை தாழ்ந்து பயிற்சி செய்யும். மலைச்சரிவில் ஏறி உட்கார்ந்திருப்பவர்க்கு விமானம் கீழே போகும். அது எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை. காலையில் ஏறி, மழையில் நனைந்து, ஆட்டுக்கூட்டத்தை மட்டும் படம் எடுத்து மாலையில் இறங்குவோரும் உளர்.

ஏணியர்: வேலிக்கு மேலே தலை தெரிய அலுமினிய மடக்கு ஏணி சுமந்து வருவோர். ஐரோப்பிய விமானத்தளங்களின் வேலியோரம் இவரின்றி நிறைவுறாது. இவர்க்கு முன்னால் நிற்பவர்க்கு இவரால் தீங்கில்லை. பின்னால் நிற்பவரின் கருத்து இந்நூலில் அச்சிடத் தக்கதன்று.

மாத்திரையியல்

கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்பது தமிழ் மரபு. கேமரா அந்த இமைப்பை நூறாகவும் ஆயிரமாகவும் நறுக்கும். எந்த விமானத்துக்கு எத்தனையில் நறுக்குவது என்பதே ஒளியர்க்கு முதற்கல்வி. இதில் பிழைத்தவர்க்கு லென்ஸ் எவ்வளவு பெரிதாயினும் உய்தி இல்லை.

ஜெட் விமானம் குறில். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதனினும் சிறிதாயின் இன்னும் நன்று. வெளியே சுழலும் உறுப்பு இல்லை. எவ்வளவு விரைவாக நறுக்கினாலும் பொய் தெரியாது.

சுழலி வைத்த பழைய விமானம் நெடில். ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்வோம். காட்சிக்காகப் பறக்கையில் அதன் முன்சுழலி நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,200 சுற்று, நொடிக்கு 20. ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அது ஏழு பாகைதான் நகரும். படத்தில் இலைகள் அசையாது நிற்கும். எஞ்சின் செத்துப்போன விமானம் வானத்தில் தொங்குவதுபோல் இருக்கும். விவரம் தெரிந்தவர் அந்தப் படத்தைப் பார்த்ததும் துக்கம் விசாரிப்பார். 125-இல் ஒரு பங்காக நீட்டினால் இலை 58 பாகை நகரும், சுழற்சி தெரியும். மூன்று இலைச் சுழலி முழு வட்டமாகத் தெரிய ஒவ்வோர் இலையும் 120 பாகை நகர வேண்டும். அதற்கு 60-இல் ஒரு பங்கு. அவ்வளவு நேரம் கேமராவை விமானத்தோடு ஒட்டித் திருப்ப வேண்டும், மூச்சுக்கூட மேலெழக் கூடாது. பாதம் ஊன்றி, முழங்கை விலாவில் ஒட்டி, இடுப்பு மட்டும் திரும்புவது முறை. நூறு எடுத்தால் நாலைந்து தேறும். அந்த நாலைந்தும் மற்றவர் படம்போல் இராது.

ஹெலிகாப்டர் அளபெடை. கோவை சூலூரில் தங்கியிருக்கும், விமானப்படையின் சாரங் சாகசக் குழுவின் துருவ் ஹெலிகாப்டர்களின் தலைச்சுழலி நிமிடத்துக்கு முந்நூறு சுற்றுக்குக் கொஞ்சம் மேல். அறுபதில் ஒரு பங்கு கொடுத்தாலும் முப்பது பாகைதான் நகரும். உடல் முழுக்க மயில் தீட்டிய அந்த ஹெலிகாப்டர்களை ஆயிரத்தில் ஒரு பங்கில் உறைய வைத்து, நான்கு தகடு நீட்டிய பொம்மையாக்கி, நாளிதழ் முதல் பக்கத்தில் போட்டவர்களை இந்நூல் மன்னிப்பதில்லை.

இடவியல்

சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க என்பது விதி. நிகழ்ச்சி நடத்துவோர் எப்போதும் சூரியனுக்கு எதிரே கூட்டத்தை நிறுத்துவர் என்பது அனுபவம்.

2024 அக்டோபர் 6-ஆம் நாள், விமானப்படையின் 92-ஆம் ஆண்டு விழாவுக்காக மெரினாவில் நடந்த நிகழ்ச்சியைக் கொள்க. மக்கள் மணலில், விமானம் கடல்மேல், கடல் கிழக்கு. தொடங்கியது காலை 11 மணி. அக்டோபர் முதல் வாரத்தில் அந்நேரம் சென்னையின் சூரியன் தென்கிழக்கில், உச்சியை நெருங்கி நிற்கும். அதாவது விமானத்தின் முதுகில் வெளிச்சம், நம்மைப் பார்க்கும் வயிற்றில் இருட்டு. சுகோயும் ரஃபேலும் தேஜஸும் கருநிற வெட்டுருவாகத்தான் பெரும்பாலோர் படத்தில் விழுந்தன. ஆனால் வெட்டுருவிலும் இலக்கணம் உண்டு. "அண்ணே, இது ரஃபேலா?" என்று கேட்டவனுக்கு, "ரெண்டு வால் இருக்கு பாரு, சுகோய்" என்று விடை சொன்னவர் எண்ணர் திணையில் சேர்க்கத் தக்கவர். முன்சிறகு இரண்டுக்கும் உண்டு. அதை நம்பிப் பெயர் சொன்னால் தவறும். வாலை எண்ணு. இம்மூன்றனுள் ஒற்றை வாலாயின், முன்சிறகு இருந்தால் ரஃபேல், இல்லையேல் தேஜஸ்.

அந்த வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். தண்ணீரும் வெளியேறும் வழியும் இல்லாத இடத்தில் இலட்சக்கணக்கானோரைச் சேர்ப்பதற்கு எந்த இலக்கணமும் இடம் தராது. அதைப் பற்றி இந்நூல் வேடிக்கை பேசாது.

இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டிலும் கூட்டம் தெற்கே சூரியனைப் பார்த்தே நிற்கும். அங்கே பேரரசுப் போர் அருங்காட்சியகத்தின் கூடங்களும் பார்வையாளர் வரிசையும் ஓடுபாதைக்கு வடக்கே அமைந்துவிட்டன. ஆகவே ஒளியர் சிலர் சீட்டும் எடுத்து, சீட்டுக்கு உரிய இடத்தில் நில்லாமல், தெற்கே வயலோரம் போய் நிற்பர். காசு கொடுத்து உள்ளே வந்தவர்க்கு நிழலுரு, காசு கொடாமல் வெளியே நின்றவர்க்கு நல்லொளி என்பது உலகியல்.

ஓடுபாதைக் கானலைப் பற்றி ஒரு சொல். பிப்ரவரி நண்பகலில் எலகங்காவின் கான்கிரீட்டின்மேல் காற்று கொதிக்கும். அதற்கு அப்பால் ஓடும் விமானத்தை 600 மில்லிமீட்டர் லென்ஸில் பார்த்தால் வால் எண் நீந்தும். லென்ஸை மாற்றிப் பயனில்லை, காலையில் சீக்கிரம் வருவதே மருந்து. பழைய விமானங்களைக் காத்துப் பறக்கவிடும் இங்கிலாந்தின் ஓல்டு வார்டனில் மாலைக் காட்சி நடத்துவதில் இந்த நன்மையும் உண்டு, காற்றும் அடங்கியிருக்கும். அங்குள்ள 1909-ஆம் ஆண்டு பிளேரியோ விமானம் காற்று அடங்காவிட்டால் கூடத்தை விட்டு வராது. வந்தாலும் புல்வெளிக்கு மேலே கொஞ்ச உயரத்தில் நேராக ஒரு தத்து தத்தி இறங்கிவிடும். நூறாண்டு தாண்டிய கிழவிக்கு அது போதும். ஓடும் வேகத்தில் போகும் அதை எடுக்க ஆயிரத்தில் ஒரு பங்கு கொடுப்பவரைக் கண்டால் விலகி நிற்க.

தொலைவியல்

விமானம் ஏன் இவ்வளவு தூரத்தில் பறக்கிறது என்று முணுமுணுப்போர்க்கு விடை. 1952 செப்டம்பர் 6-இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு டி ஹாவிலண்ட் 110 விமானம் வானிலேயே உடைந்து, எஞ்சின் கூட்டத்தில் விழுந்தது; விமானத்தில் இருந்த இருவரையும் சேர்த்து 31 பேர் மாண்டார்கள். 1988 ஆகஸ்ட் 28-இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலியக் குழுவின் விமானங்கள் மோதி, ஒன்று பார்வையாளர்மேல் விழுந்ததில் 70 பேர். 2002-இல் உக்ரைனின் ஸ்க்னிலிவில் 77 பேர். 2015 ஆகஸ்ட் 22-இல் இங்கிலாந்தின் ஷோரமில் ஒரு ஹன்டர் விமானம் வட்டமடித்து எழ முடியாமல் நெடுஞ்சாலையில் விழுந்ததில் 11 பேர். அவர்களில் நிகழ்ச்சிக்கு வராமல் அவ்வழியே போனவர்களும் உண்டு. எலகங்காவிலேயே 2019 பிப்ரவரியில், காட்சிக்கு முந்தைய நாள் ஒத்திகையில் சூர்ய கிரணின் இரு விமானங்கள் மோதி ஒரு விமானி உயிரிழந்தார்.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் விதி இறுகியது, விமானம் விலகியது. 300 மில்லிமீட்டர் லென்ஸ் போதும் என்றிருந்த இடத்தில் 600 வேண்டியதாயிற்று. கழுத்தில் கூடிய அந்த எடை எதற்கு ஈடாகக் கொடுத்தது என்பதை முணுமுணுப்போர் நினைவில் வைக்க.

எண்மாறாட்டவியல்

இந்நூலின் உயிர்நிலை இதுவே. எண்ணை நம்பு என்றோம். எண்ணும் பொய் சொல்லும் என்று இப்போது சொல்கிறோம். முரணன்றோ எனின், அன்று, பொய்யையும் வகைப்படுத்தலாம்.

முதல் வகை தன்னெண் தாங்கி. தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் பெற்ற எண்ணோடு நிற்பது. வல்கன் எக்ஸ்.எச். 558 அப்படிப்பட்டது. பனிப்போர்க்கால அணுகுண்டு வீச்சு விமானம். ஓய்வு பெற்று, பொதுமக்கள் பணத்தாலும் உதவியாலும் 2007 அக்டோபரில் மீண்டும் பறந்து, 2015 அக்டோபரில் கடைசியாக இறங்கியது. மக்கள் அதை அழைப்பதே எண்ணால்தான். அந்த எட்டாண்டில் எடுத்த படத்தில் நாள் குறியாவிட்டாலும் காலம் ஓரளவு தெரிந்துவிடும்.

இரண்டாவது பிறரெண் தாங்கி. நம் விமானப்படையின் பழைய விமானங்கள் வரிசையில் ஒரு டகோட்டா இருக்கிறது, மெரினாவிலும் பறந்தது. அதன் வாலில் வி.பி. 905 என்று எழுதியிருக்கும். காஷ்மீர்ப் போரின்போது 1947 அக்டோபர் 27 காலையில் சீக்கியப் படைவீரர்களோடு ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாவின் எண் அது. ஆனால் இன்று பறப்பது அந்த விமானம் அன்று. இது இங்கிலாந்தில் பழையபடி ஆக்கப்பட்டு, டகோட்டா விமானியாக இருந்த தம் தந்தையைச் சிறப்பிக்க அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் அளித்த கொடை. 2018-இல் பறந்தே இந்தியா வந்தது. மூத்தவர் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்துக்கு இது ஒக்கும், ஆனால் பேரனையே தாத்தா என்று பதிவேட்டில் எழுதிவிடக் கூடாது. படத்தின் கீழே 'ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டா' என்று எழுதியவர் எத்தனையோ பேர். 'ஸ்ரீநகரில் இறங்கியதன் எண் தாங்கிய டகோட்டா' என்று எழுதுவதற்கு இரண்டே சொல் கூடும்.

பிறரெண் தாங்கிகளில் மிகக் குறும்பானது பிரிட்டிஷ் விமானப்படையின் இரண்டாம் உலகப் போர்க்காலக் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டர். உலகில் பறக்கும் நிலையில் உள்ள லங்காஸ்டர் இரண்டே. ஒன்று இது, மற்றொன்று கனடாவில். இதன் சொந்த எண் பி.ஏ. 474. 1945-இல் செய்து முடிக்கப்பட்டுப் போரில் குண்டே வீசாதது. அதனால் போரில் போன மற்றவற்றின் அடையாளத்தை மாற்றி மாற்றி அணியும். 2017-இல் பூசிய வண்ணத்தில் இடப்பக்கம் ஏ.ஆர்.-எல், வலப்பக்கம் வி.என்.-டி. இடப்பக்கம் நின்று எடுத்தவர் ஒரு விமானத்தை எடுத்தார். வலப்பக்கம் நின்று எடுத்தவர் வேறொன்றை எடுத்தார். இருவரும் ஒரே நாள், ஒரே நொடி, ஒரே விமானத்தை எடுத்தார்கள். ஐம்பதாண்டு கழித்து இந்த இரண்டு படத்தையும் ஒருவன் பார்த்தால், 2017-இல் இங்கிலாந்தில் இரண்டு லங்காஸ்டர் பறந்தன என்று கட்டுரை எழுதாமல் இருப்பானா? உண்மையில் இரண்டு சேர்ந்து பறந்த ஆண்டு 2014; கனடா விமானம் அட்லாண்டிக் கடந்து வந்த கோடை அது. கட்டுரையாளன் பாடு இன்னும் கடினமாகிவிடும்.

மூன்றாவது போலி. ஓல்டு வார்டனில் உள்ள பிரிஸ்டல் பாக்ஸ்கைட்டும் அவ்ரோ மூவிறக்கை விமானமும் பார்க்க 1910-ஆம் ஆண்டு விமானங்கள். உண்மையில் 1965-இல் வெளிவந்த ஓர் ஆங்கில நகைச்சுவைப் படத்துக்காகச் செய்யப்பட்டவை. சினிமா செட்டு என்று இகழற்க. அவையே அறுபதாண்டு தாண்டிவிட்டன. போலியும் பொறுமையாக இருந்தால் தொன்மை ஆகும்.

குறிப்பியல்

படத்தின் கீழ் எழுதும் குறிப்பு நான்கு வகை. 'செம மாஸ்' என்பது உணர்ச்சிக் குறிப்பு. 'விமானப்படை சாகசம்' என்பது பொதுக் குறிப்பு. செய்தித்தாளுக்குப் போதும், மற்றெதற்கும் போதாது. மூன்றாவது ஒளியர் குறிப்பு: லென்ஸ் எது, துளை எவ்வளவு, ஷட்டர் எவ்வளவு என்று எல்லாம் இருக்கும், விமானம் எது என்று மட்டும் இராது. மணமக்கள் பெயரில்லாமல் கேட்டரிங் பெயர் போட்ட கல்யாணப் பத்திரிகை இது. நான்காவது எண்ணர் குறிப்பு: வகை, வாலெண், படைப்பிரிவு, இடம், நாள். எழுத ஒரு வரி. இதை எழுத மனம் வரும் நபர் அரிது.

ஃபிலிம் காலத்தில் இந்த ஒழுக்கம் தானாக இருந்தது. எண்ணர்க்கு உகந்தது கோடாக்ரோம் 64 ஸ்லைடு. நிறம் மங்காது என்று புகழ் பெற்றது. அதன் வேகம் குறைவு. நல்ல வெயிலிலும் 500-இல் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது. அட்டைச் சட்டத்தில் எண்ணும் இடமும் நாளும் எழுதி, நகலைப் பிற நாட்டு எண்ணரோடு தபாலில் மாற்றிக்கொள்வார்கள். எழுதாத ஸ்லைடை யாரும் வாங்க மாட்டார்கள். 2009-இல் அந்த ஃபிலிம் நின்றது. 2010 இறுதியில் கடைசிக் கூடமும் கழுவுவதை நிறுத்தியது. இப்போது ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் எடுக்கிறோம், ஒன்றிலும் எழுதுவதில்லை.

அழகிய படம் எதற்கு, எழுதிய படம் எதற்கு என்று கடாவினால் விடை இதுவே. ஆஃப்டர்பர்னர் எரிய மேலே பாயும் சுகோய் படம் இந்த ஆண்டு எடுத்தாலும் அடுத்த ஆண்டு எடுத்தாலும் ஒன்றே. தரையில் நிற்கும் விமானத்தைப் பக்கவாட்டில், வாலும் மூக்கும் வெட்டுப்படாமல், எண் தெளிய எடுத்த சலிப்பூட்டும் படத்துக்கு மாற்று இல்லை. எந்த ஆண்டு எந்தச் சாம்பல் நிறம் பூசினார்கள், சின்னம் எந்த அளவில் இருந்தது, எந்த இறக்கையில் எந்தக் கருவி தொங்கியது என்று அருங்காட்சியகத்தார் கேட்கும்போதும், மாதிரி விமானம் ஒட்டுவோர் கேட்கும்போதும் கைகொடுப்பது அதுதான். சூர்ய கிரண் குழு 1996-இல் தொடங்கியபோது பறந்தவை கிரண் பயிற்சி விமானங்கள். 2011-இல் குழு நிறுத்தப்பட்டு 2015-இல் ஹாக் விமானங்களோடு மீண்டது. அந்தக் கிரண்கள் எந்த எண்ணோடு, எந்த வரிசையில் பறந்தன என்று கேட்டால், பதில் எவரோ வேலி ஓரம் எடுத்த படத்தில்தான் கிடைக்கும். 1974-இல் 'வாயு' இதழைத் தொடங்கிய புஷ்பிந்தர் சிங் போன்றோர் நம் விமானப்படையின் கதையைச் சேர்த்துவைத்ததும் இத்தகைய படங்களையும் எண்களையும் வைத்தே. 1963-இல் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரில் விடைபெற்றது. இனி அதன் பறக்கும் படம் நம் விமானப்படையின் நிறத்தில் புதிதாக ஒன்றும் வராது. இருப்பவற்றுக்குப் பெயர் எழுதுவது மட்டுமே மிச்சம்.

புறனடை

விரவுத்திணையராகிய மொபைலர்க்கு. உங்கள் கருவி நாளையும் மணியையும் தானே குறித்துவைக்கும். பல நேரம் இடத்தையும். ஆக எண்ணர் வேலையில் பாதி முடிந்தது. மிச்சப் பாதி, படத்தைப் பெரிதாக்கி வாலில் இருப்பதைப் படித்து எழுதுவது. தெரியாவிட்டால் 'இரட்டை வால்' என்றாவது எழுதுக. பரப்பும்போது வாட்ஸ்ஆப்பில் சுருங்கிய நகலை அனுப்பி, மூலத்தை அழித்துவிட வேண்டா.

இன்னொன்று, இது வேண்டுகோள். தாம்பரத்திலும் சூலூரிலும் தஞ்சாவூரிலும் ஆவடியிலும் விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பீரோவில் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும்: இறக்கைமேல் கை வைத்து நிற்கும் இளைஞர், பின்னால் பாதி எண். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த விமானம், பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டு, படத்தின் பின்புறம் ஓரமாக எழுதுங்கள். மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் தெரிந்துவிடும்.